மீன் என்ன பாவம் செய்தது?

புற்றுநோய் வந்தவரைப் பார்க்கப் போகிறோம். கையில் நாலு சாத்துக்குடி, ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், மடித்த தாளில் கொஞ்சம் விபூதி. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்கிறோம். "டாக்டர் என்ன சொல்றாங்க?" என்று கேட்கிறோம். விடைபெற்று மாடிப்படி இறங்கும்போது கூட வந்தவர்களில் ஒருவர் மெல்லச் சொல்கிறார்: "எறும்புக்குக்கூடக் கெடுதல் நினைக்காத மனுஷி. போன ஜென்மத்துல என்ன பாவம் பண்ணிச்சோ..." மற்றவர்கள் உச்சுக்கொட்டித் தலையாட்டுகிறார்கள்.

இரக்கத்தில் வரும் சொல்தான். ஆனால் அதைப் பிரித்துப் பாருங்கள். படுத்திருப்பவள் குற்றவாளி. என்ன குற்றம் என்று அவளுக்கே தெரியாது. புகார் கொடுத்தவர் இல்லை, சாட்சி இல்லை, மேல்முறையீடு இல்லை. தண்டனை மட்டும் நடந்துகொண்டிருக்கிறது. எந்த ஊர் நீதிமன்றத்திலும் இப்படி ஒரு தீர்ப்பு வந்தால் தெருவில் இறங்கிப் போராடுவோம். மருத்துவமனை மாடிப்படியில் அதே தீர்ப்பை நாமே எழுதி, நாமே ஒப்புக்கொண்டு, ஆட்டோ பிடித்து வீடு திரும்புகிறோம்.

இந்தத் தீர்ப்பை எதிர்த்து ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்ற விரும்புகிறேன். சாட்சி மனிதன் இல்லை. ஒரு மீன்.

அமெரிக்காவின் கிழக்குக் கரையில், பாஸ்டன் துறைமுகத்தில் வாழும் மீன் அது. விண்டர் ஃப்ளவுண்டர் என்பார்கள். நம் ஊர் நாக்கு மீனைப் போலத் தட்டையானது. குஞ்சாக இருக்கும்போது எல்லா மீனையும் போலப் பக்கத்துக்கு ஒரு கண்ணோடு நீந்தும். வளர வளர ஒரு கண் மெல்ல நகர்ந்து மறுபக்கத்துக்கு வந்துவிடும். பிறகு ஒருபக்கமாகச் சாய்ந்து, கடலடிச் சேற்றில் உடம்பைப் புதைத்து, இரண்டு கண்ணையும் மேலே வைத்துக்கொண்டு படுத்திருக்கும். சேற்றிலுள்ள புழுக்கள்தான் தீனி. பாயும் சேறு, பந்தியும் சேறு.

1980களில் ராபர்ட் முர்ச்செலானோ, ரிச்சர்ட் வோல்க் என்ற இரண்டு விஞ்ஞானிகள் அந்தத் துறைமுகத்து மீன்களின் வயிற்றைக் கிழித்துப் பார்த்தார்கள். 1985இல் 'சயன்ஸ்' இதழில் தாங்கள் கண்டதை எழுதினார்கள். அறுத்துப் பார்த்த 200 மீன்களில் நூற்றுக்கு எட்டு வீதம் கல்லீரலில் புற்றுக்கட்டி இருந்தது. அவர்களுக்குப் பின் வுட்ஸ் ஹோல் கடலாய்வு நிறுவனத்தின் மைக்கேல் மூர் அதே மீன்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தார். கட்டியாக உருவெடுக்காத கோளாறுகளையும் சேர்த்தால், துறைமுகத்தில் பிடித்த மீன்களில் முக்கால்வாசிக்குமேல் ஈரல் கெட்டுப்போயிருந்தது.

இப்போது கேட்கிறேன். இந்த மீன்கள் என்ன பாவம் செய்தன?

சிகரெட் பிடிக்கவில்லை. குடிக்கவில்லை. வாயில் புகையிலை அடக்கவில்லை. தாய் தந்தையைத் தெருவில் விடவில்லை. குலதெய்வத்துக்கு நேர்ந்த கடனை மறக்கவில்லை. எண்பத்து நான்கு லட்சம் யோனி பேதம் என்று சொல்லி மீனையும் மறுபிறவிக் கணக்கில் சேர்த்து வைத்திருப்பவர்கள், இதற்கும் ஒரு விடை வைத்திருப்பார்கள்: போன பிறவியில் மனிதராக இருந்து பாவம் செய்தவர்கள் மீனாய்ப் பிறந்திருக்கலாம். சரி, அந்த விடையையும் கையில் வைத்துக்கொள்வோம். அது எவ்வளவு தூரம் நடக்கும் என்று பார்ப்போம்.

அந்தத் துறைமுகத்தின் வாயிலில் டியர் ஐலண்ட் என்று ஓர் இடம். பாஸ்டனையும் அதைச் சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்து 43 ஊர்களின் சாக்கடை துறைமுகத்தில்தான் வந்து விழுந்துகொண்டிருந்தது. சுத்திகரிப்பு நிலையம் என்ற பெயரில் அங்கே இருந்தது திடப்பொருளைப் பாதி வடிகட்டும் ஏற்பாடுதான். வடிகட்டிய கசட்டையும் எங்கோ கொண்டுபோய்ப் புதைத்தார்கள் என்று நினைக்காதீர்கள். கடல் வற்றும் நேரம் பார்த்து அதையும் அதே கடலில் திறந்துவிட்டார்கள். நீர் இறங்கும்போது கசடு வெளியே போய்விடும் என்பது கணக்கு. நீர் ஏறும்போது என்ன திரும்பி வரும் என்பது அந்தக் கணக்கில் இல்லை. வீட்டுக் கழிவறை மட்டும் அதில் கலக்கவில்லை. தொழிற்சாலைகளின் கரைப்பான்கள், உலோகங்கள், பூச்சிமருந்து, சாலையில் கழுவி வந்த எண்ணெய் எல்லாம் அந்தக் குழாய்களில்தான் வந்தன.

கடலில் கரைத்த பெருங்காயம் என்போம். கரைத்தால் காணாமல் போய்விடும், வாசனைகூட மிஞ்சாது என்ற பொருளில். உலகம் முழுக்கச் சாக்கடைக் குழாய்களைக் கடலில் திறந்துவிட்டவர்கள் அந்த நம்பிக்கையில்தான் திறந்துவிட்டார்கள். ஆனால் அந்த நஞ்சுகள் பெருங்காயம் இல்லை. அவற்றில் பல நீரில் எளிதில் கரையாதவை. சேற்றுத் துகளில் ஒட்டிக்கொண்டு அடியில் போய்ப் படிந்தன. அடியில் படுத்திருந்தது நம் சாட்சி.

1982இல் வில்லியம் கோல்டன் என்ற வழக்கறிஞர் பக்கத்து ஊரான குவின்சியின் கடற்கரையில் ஓடிக்கொண்டிருந்தார். அந்த நகராட்சியின் சட்ட ஆலோசகர் அவர். காலில் மிதிபட்டது மனித மலம் என்று கண்டார். அலுவலகத்துக்குப் போய் வழக்குப் போட்டார். அடுத்து ஒரு சுற்றுச்சூழல் அமைப்பு வழக்குப் போட்டது. அதற்கடுத்து மைய அரசின் சூழல் துறையே வழக்கில் இறங்கியது. நீதிபதி டேவிட் மஸோன் கால அட்டவணை போட்டு, அதை ஆண்டுக்கணக்கில் விடாமல் கண்காணித்தார். 1991 டிசம்பரில் கசடு கடலில் கலப்பது நின்றது. 1990களின் நடுவில் புதிய நிலையம் வேலை செய்யத் தொடங்கியது. 2000 செப்டம்பரில், சுத்திகரித்த நீரைத் துறைமுகத்தைத் தாண்டி 15 கிலோமீட்டர் தொலைவில் கடலடியில் விடும் சுரங்கக் குழாய் திறக்கப்பட்டது. மொத்தச் செலவு சுமார் 380 கோடி டாலர். பெரும்பகுதியை அந்த ஊர் மக்கள் தங்கள் தண்ணீர்க் கட்டணத்தில் கட்டினார்கள். கட்டணம் ஏறியபோது கத்தினார்கள். கத்திக்கொண்டே கட்டினார்கள்.

மீன் என்ன ஆயிற்று? ஆண்டுதோறும் ஏப்ரலில் அந்தத் துறைமுகத்தில் வலையிழுத்து மீன் பிடித்தார்கள். ஈரலை மெல்லிய சீவல்களாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கட்டிகள் குறைந்துகொண்டே வந்தன. 2004க்குப் பிறகு துறைமுகத்து மீனின் ஈரலில் ஒரு கட்டிகூடக் காணப்படவில்லை என்று 2018இல் மூர் அறிவித்தார்.

இப்போது கையில் வைத்திருந்த அந்த விடையை எடுங்கள். போன பிறவிப் பாவிகள் மீனாய்ப் பிறந்து துன்பப்பட்டார்கள் என்றால், 2004க்குப் பிறகு பாஸ்டன் துறைமுகத்தில் பாவிகள் பிறப்பதை நிறுத்திவிட்டார்களா? சித்திரகுப்தன் தன் ஏட்டை அமெரிக்க நீதிமன்றத்தின் கால அட்டவணைப்படி திருத்திக்கொண்டானா? "விதிதான் அந்தக் குழாய் வழியாக வேலை செய்தது" என்று ஒருவர் சமாளிக்கலாம். அப்படியானால் குழாயை மாற்றிய பொறியாளன் விதியை வென்றுவிட்டான். வெல்லக்கூடிய விதியை நாம் ஏன் தலைவணங்கி ஏற்க வேண்டும்? நோய் வந்தாலும் விதி, போனாலும் விதி என்று எதற்கும் பொருந்தும் விளக்கத்தால் ஒரு மீனைக்கூடக் காப்பாற்ற முடியாது.

இன்னொரு சாட்சியும் இருக்கிறது. வர்ஜீனியா மாநிலத்தில் எலிசபெத் ஆறு கடலோடு சேரும் கழிமுகம். மம்மிசாக் என்ற சிறுமீன் அங்கே உண்டு. விரல் நீளம்தான் இருக்கும். பிறந்த இடத்தைவிட்டு அதிகம் நகராத மீன். ஒரு கரையில் மரத்துக்குக் கிரியோசோட் ஏற்றும் ஆலை இருந்தது. நிலக்கரித் தாரிலிருந்து எடுக்கும் எண்ணெய் அது. தண்டவாளக் கட்டையும் படகுத்துறைத் தூணும் மக்காமல் இருக்க அதை மரத்தில் ஏற்றுவார்கள். 1990இல் வெளியான ஆய்வில், ஆலைக் கரையில் பிடித்த மீன்களில் மூன்றில் ஒன்றுக்குக் கல்லீரல் புற்றுநோய். அதே ஆறு, அதே இனம், அதே உப்புநீர். எதிர்க்கரையில் பிடித்த மீன்களில் அந்தக் கட்டி இல்லை. பாவமும் புண்ணியமும் ஆற்றுக்கு நடுவே கோடு கிழித்துக் குடியிருக்கின்றனவா? ஆலை எந்தக் கரையில் இருந்தது என்பதுதான் அந்த மீன்களின் தலையெழுத்து. அந்தத் தலையெழுத்தை எழுதியவர்களுக்குச் சம்பளமும் இலாபமும் உண்டு.

இந்தத் தாரின் கதை மீனோடு தொடங்கியது இல்லை. மனிதப் பிள்ளைகளோடு தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டு லண்டனில் புகைபோக்கிகளைச் சுத்தம் செய்ய ஏழைச் சிறுவர்களை உள்ளே ஏற்றினார்கள். உடம்பெல்லாம் கரி. வளர்ந்தபின் அவர்களில் பலருக்கு விதைப்பையில் புண் வந்து, உள்ளே பரவி, உயிரைக் குடித்தது. அந்தக் காலத்து மருத்துவர்கள் அதை என்னவென்று நினைத்தார்கள் தெரியுமா? கெட்ட சகவாசத்தால் வந்த பால்வினை நோய் என்று நினைத்துப் பாதரச மருந்து கொடுத்தார்கள். மாடிப்படியில் நாம் சொல்வதை அவர்கள் மருந்துச் சீட்டிலேயே எழுதிவிட்டார்கள். 1775இல் பெர்சிவல் பாட் என்ற அறுவை மருத்துவர்தான் இது ஒழுக்கக்கேடு இல்லை, தோல் மடிப்பில் தங்கும் கரி என்று எழுதினார்.

140 ஆண்டுகள் கழித்து, 1915இல், டோக்கியோவில் யமகிவாவும் இச்சிகாவாவும் முயல்களின் காதில் நிலக்கரித் தாரை மாதக்கணக்கில் தடவிப் புற்றுநோயை வரவழைத்துக் காட்டினார்கள். 1930களில் அந்தத் தாரிலிருந்து பென்சோபைரீன் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, நோயைத் தூண்டுவது இதுதான் என்று லண்டனில் நிறுவினார்கள். கிரியோசோட்டிலும் வண்டிப் புகையிலும் சிகரெட் புகையிலும் அதே குடும்பத்துப் பொருட்கள்தான் இருக்கின்றன.

மீனின் உடலுக்குள் அது செய்யும் வேலையை நினைத்தால் மனம் கனக்கிறது. கொழுப்பில் கரையும் அந்த நஞ்சை வெளியே தள்ளுவதற்காகக் கல்லீரல் தன் நொதிகளால் அதை உடைத்து, நீரில் கரையும் பொருளாக மாற்றப் பார்க்கிறது. மாற்றத்தின் நடுவழியில் பிறக்கும் ஒரு பொருள் டி.என்.ஏ.வைப் பற்றிக்கொள்கிறது. உயிரணுவின் கட்டளை பிழைபடுகிறது. நஞ்சைச் சுத்தம் செய்யும் உறுப்பே அந்த வேலையினால் புற்றேறிப் போகிறது. மீதி நஞ்சைப் பித்தநீர் வழியே மீன் வெளியேற்றிவிடும். அதனால் சதையை மட்டும் சோதித்தால் பெரிதாக ஒன்றும் தெரியாமல் போகலாம். நோய் இருப்பது ஈரலில். துப்புரவுத் தொழிலாளிக்கு ஊர் நஞ்சு முதலில் ஏறுவதைப் போலத்தான் இதுவும்.

அமெரிக்காவின் மேற்குக் கரையிலும் இதே கதை. சியாட்டில் நகரத்துக்கு எதிரே ஒரு தீவில் ஈகிள் ஹார்பர் என்ற சிறு துறைமுகம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து 1988 வரை அங்கே மரத்துக்குக் கிரியோசோட் ஏற்றினார்கள். டொனால்ட் மாலின்ஸ் குழுவினர் 1985இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கிருந்த இங்கிலீஷ் சோல் என்ற தட்டை மீன்களில் நான்கில் ஒன்றுக்குமேல் ஈரலில் கட்டி. 1990களின் தொடக்கத்தில் அந்தச் சேற்றின்மீது சுமார் ஒரு மீட்டர் கனத்துக்குச் சுத்தமான மணலைக் கொட்டி மூடினார்கள். அடுத்த பத்தாண்டுகளில் மீன்களின் ஈரல் நோய் மிகவும் குறைந்தது. ஊழ்வினையை மணல் கொட்டி மூட முடியும் என்று எந்தப் புராணத்திலாவது இருக்கிறதா?

பகுத்தறிவு என்றால் நமக்கு ஆதாயமான உண்மையை மட்டும் சொல்வது ஆகாது. ஆகவே இதையும் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கட்டிக்கும் ஆலைக்காரன் பொறுப்பில்லை. ஆஸ்திரேலியாவின் பெரும் பவளத்திட்டில், தொழிற்சாலைகளை விட்டு விலகிய ஹெரான் தீவுப் பகுதியில், நம் களவா மீனுக்கு உறவான கோரல் டிரவுட் மீன்களின் தோலில் கறுப்புத் திட்டுகளைக் கண்டார்கள். 136 மீன்களில் 20க்கு அது இருந்தது. மனிதருக்கு வரும் மெலனோமா என்ற தோல் புற்றுநோயை அப்படியே ஒத்திருந்தது என்று 2012இல் எழுதினார்கள். சூரியனின் புறஊதாக் கதிர் காரணமாக இருக்கலாம் என்பது அவர்கள் எண்ணம். இன்னும் பின்னால் போனால், 7 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன் கனடாவில் வாழ்ந்த சென்ட்ரோசாரஸ் என்ற டைனோசரின் கால் எலும்பில் புற்றுநோய் இருந்ததை 2020இல் உறுதிசெய்தார்கள். உயிரணு பிளந்து பெருகும் இடத்தில் எல்லாம் பிழை நேரும். சில பிழைகள் கட்டியாகும். அதற்கு யாருடைய கெட்ட எண்ணமும் தேவையில்லை.

இதைச் சொல்வதால் என் வாதம் பலவீனப்படவில்லை. தற்செயலாக வந்த கட்டியிலும் நோயாளி குற்றவாளி இல்லை. பிறர் கொட்டிய நஞ்சினால் வந்த கட்டியிலும் நோயாளி குற்றவாளி இல்லை. இரண்டு பக்கமும் பார்த்தாகிவிட்டது. மாடிப்படித் தீர்ப்புக்கு நிற்க இடமில்லை.

விலங்குகளைப் பற்றிய அறியாமை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குச் சுறா ஒரு பாடம். 1992இல் வில்லியம் லேன் என்பவர் 'சுறாக்களுக்குப் புற்றுநோய் வராது' என்றே தலைப்பிட்டு ஒரு புத்தகம் எழுதினார். சுறாவின் குருத்தெலும்பைப் பொடியாக்கி மாத்திரையாக விற்றார்கள். சாவுக்கு அஞ்சியவர்கள் வாங்கினார்கள். அதற்காகச் சுறாக்கள் கொல்லப்பட்டன. உண்மையில் சுறாக்களுக்கும் அவற்றின் உறவினங்களுக்கும் வந்த 42 கட்டிகள் பதிவாகியிருந்தன. ஆஸ்ட்ராண்டர் குழுவினர் 2004இல் அந்தப் பட்டியலை வெளியிட்டார்கள். சுறாவின் குருத்தெலும்பிலேயே கட்டி வந்ததும் அந்தப் பட்டியலில் உண்டு. நுரையீரல் புற்றுநோயாளிகளிடம் சுறாக் குருத்தெலும்புச் சாற்றைச் சோதித்த பெரிய ஆய்வின் முடிவு 2007இல் வந்தது. மருந்து எடுத்தவர்களின் ஆயுள் கூடவில்லை. கர்மா என்று சொல்லும் வாயும் இயற்கை அதிசயம் என்று சொல்லும் வாயும் வேறுவேறு போலத் தோன்றும். இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். காரணம் தேட வேண்டிய இடத்தில் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்கின்றன.

இப்போது என் குற்றச்சாட்டின் மையத்துக்கு வருகிறேன். கர்மா என்ற கருத்து பொய் என்பதைவிட எனக்குப் பெரிதாக உறுத்துவது அது அநீதி என்பதுதான்.

வினைக்குப் பயன் உண்டு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். பாஸ்டனில் வினை நடந்தது. பயனும் விளைந்தது. ஆனால் செய்தவன் ஒருவன், பட்டது வேறொன்று. ஊர் செய்ததை மீன் அனுபவித்தது. ஆலை செய்ததைச் சேற்றில் படுத்திருந்த உயிர் அனுபவித்தது. கர்மக் கோட்பாடு சொல்லும் ஒரே ஒரு வாக்கியம் இதுதான்: செய்தவனும் அனுபவிப்பவனும் ஒருவனே. அந்த வாக்கியத்தை நம்பிவிட்டால், நஞ்சைக் கொட்டியவனைத் தேடி யாரும் போகமாட்டார்கள். குற்றவாளி கட்டிலில் படுத்திருக்கும்போது வெளியே போய் யாரைத் தேடுவது? ஆலை முதலாளி வக்கீல் வைக்க வேண்டியதில்லை. நாமே அவருக்கு இலவச வக்கீலாக மாடிப்படியில் நின்று வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

திருக்குறளில் 38ஆம் அதிகாரம் ஊழ். 62ஆம் அதிகாரம் ஆள்வினையுடைமை. ஒரே நூலில் இரண்டும் இருக்கின்றன. நம் சமூகம் முதலாவதைத் துக்க வீட்டிலும் மருத்துவமனையிலும் பேசிப் பேசித் தேய்த்துவிட்டது. இரண்டாவதைப் பள்ளிக்கூடச் சுவரில் எழுதிவைத்துவிட்டு மறந்துவிட்டது. பாஸ்டன் மீனைக் காப்பாற்றியது 62ஆம் அதிகாரத்தின் பொருள்.

"நாங்கள் கர்மா பேசுகிறவர்கள் இல்லை, படித்தவர்கள்" என்று சிலர் விலகி நிற்கலாம். அவர்களிடமும் ஒரு கேள்வி. புற்றுநோய் என்றதும் "பிராய்லர் கோழி நிறையத் தின்பாரோ?", "வாக்கிங் போகமாட்டாரோ?", "ரொம்ப டென்ஷன் எடுத்துக்கொள்வாரோ?" என்று கேட்கிறீர்களே, அதுவும் அதே தீர்ப்புதான். பூர்வஜென்மத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வாழ்க்கைமுறையை வைத்திருக்கிறீர்கள். புகையிலையும் மதுவும் புற்றுநோய் தரும் என்பது உறுதியான உண்மை. விடச் சொல்லுங்கள், நானும் சொல்கிறேன். ஆனால் அந்தப் புகையிலையை விளம்பரம் செய்து விற்றவன் எங்கே போனான் என்றும் சேர்த்துக் கேளுங்கள். எந்தக் கெட்ட பழக்கமும் இல்லாத, கடலுணவு மட்டுமே தின்ற, டென்ஷன் என்ற சொல்லே தெரியாத மீனுக்குக் கட்டி வந்தது. அதன் வாழ்க்கைமுறையில் இருந்த ஒரே குறை, நம் சாக்கடைக்குப் பக்கத்தில் குடியிருந்தது.

நாத்திகர்களான என் தோழர்களுக்கும் சொல்கிறேன். கடவுள் இல்லை என்று மேடையில் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, நம் வீட்டுக் கழிவறைத் தண்ணீர் எந்த ஆற்றில் எந்தக் கடலில் போய் விழுகிறது என்று கேட்காமல் தூங்கினால் நம் பகுத்தறிவு பாதியில் நிற்கிறது. மேலே ஒருவன் இருந்து கணக்குப் பார்க்கவில்லை என்றால், கணக்குப் பார்க்கும் வேலை முழுவதும் நம் தலையில் விழுகிறது. கோயில் குளத்து மீனுக்குப் பொரி போடுகிறவர் ஏதோ ஓர் உயிருக்குக் கடன்பட்டதாகவாவது நினைக்கிறார். நாம் அந்தக் கடனைப் பொரியால் தீர்க்க முடியாது என்று தெரிந்தவர்கள். எனவே நம் பொறுப்பு அவருடையதைவிடக் கூடுதல்.

நம் கரைக்கு வருவோம். 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. வாளியில் அள்ளினோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. மீனவர்களின் படகும் வலையும் கறுத்தன. கச்சா எண்ணெயிலும் எரியெண்ணெயிலும் இருப்பது மேலே சொன்ன அதே குடும்பத்துப் பொருட்கள். அலை அடித்து மேல்மண் வெளுத்துவிட்டால் கறை போய்விட்டது என்று நினைப்போம். கடலடிச் சேறு அவ்வளவு சீக்கிரம் மறக்காது.

ஆகவே ஒன்று கேட்போம். கழிமுகத்திலும் தொழிற்சாலைகள் ஓரமுள்ள கடலிலும், பாஸ்டனில் செய்ததைப்போல, ஆண்டுக்கு ஒருமுறை சேற்று மீன்களின் ஈரலை அறுத்துப் பாருங்கள். பார்த்ததைத் தமிழில் எழுதி, அந்த மீனைப் பிடிக்கும் மக்கள் கையில் கொடுங்கள். இது பெரிய ராக்கெட் செலவு இல்லை. ஒரு படகு, ஒரு கத்தி, ஒரு நுண்ணோக்கி, பார்த்ததை மறைக்காத ஒரு மனம். மீனவர்களைப் பயமுறுத்தி மீன் விலையை இறக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. கட்டியுள்ள மீனிடமிருந்து புற்றுநோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் மீனுக்குக் கட்டி தந்த நஞ்சு அதே கரையில் வாழும் மனிதரையும் தேடி வரும். அதை மீன் நமக்கு முன்னரே சொல்லிவிடுகிறது.

மீன் நமக்கு எச்சரிக்கை மணி என்பதால் மட்டும் அதன் நோய் முக்கியமாகிவிடவில்லை. அதற்கு ஆன்மா உண்டா இல்லையா என்பது எனக்குக் கேள்வியே இல்லை. அதற்கு ஈரல் உண்டு, அந்த ஈரல் கெட்டது, கெடுத்தது நாம். ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள இது போதும்.

அடுத்த முறை மருத்துவமனை மாடிப்படி இறங்கும்போது அந்தச் சொல் நாக்கு நுனிக்கு வந்தால் விழுங்கிவிடுங்கள். அதற்குப் பதிலாக வேறு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இவர் என்ன வேலை பார்த்தார்? எந்தத் தண்ணீரைக் குடித்தார்? அந்தத் தெருவில் இன்னும் எத்தனை பேருக்கு இது வந்திருக்கிறது? சில வேளை விடை கிடைக்காது. சில வேளை தற்செயல் என்பதே விடையாக இருக்கும். ஆனால் இந்தக் கேள்விகள் கட்டிலில் படுத்திருப்பவரைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கிவிடும். சில வேளை சரியான ஆளைக் கூண்டில் ஏற்றவும் செய்யும்.

பாஸ்டன் துறைமுகத்து மீன்களுக்காக யாரும் பரிகாரம் செய்யவில்லை. வழக்குப் போட்டார்கள், கட்டணம் கட்டினார்கள், குழாயை மாற்றினார்கள். கட்டி போயிற்று.